“சரியாயிடுச்சு” என்ற பிறகுதான் அவசரம்: மினி ஸ்ட்ரோக் பற்றிச் சில நடைமுறைக் குறிப்புகள்

மினி ஸ்ட்ரோக் வந்தவர் பெரும்பாலும் மருத்துவமனைக்குள் நடந்தே வருவார். பேச்சு தெளிவாக இருக்கும். கையை மடக்கி நீட்டிக் காட்டுவார். “காலையில கொஞ்ச நேரம் கை விழுந்த மாதிரி இருந்துச்சு, இப்ப ஒண்ணுமில்ல. இவதான் கேக்காம இழுத்துட்டு வந்தா” என்று மகளைக் கை காட்டுவார். பரிசோதித்தால் ஒரு குறையும் தெரியாது. ஆனாலும் அன்றைக்கே முழுதாகப் பார்த்து முடிக்க வேண்டியவர் அவர். பக்கவாதம் வந்து கை கால் விழுந்துவிட்டவருக்கு, இழந்ததில் எவ்வளவை மீட்கலாம் என்பதுதான் கேள்வி. இவர் இன்னும் எதையுமே இழக்கவில்லை.

மினி ஸ்ட்ரோக், பக்கவாதம் இரண்டும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன. கழுத்திலிருந்தோ இதயத்திலிருந்தோ கிளம்பிய ரத்தக் கட்டி ஒன்று மூளைக்குப் போகும் குழாயில் அடைத்துக்கொள்கிறது, அல்லது மூளைக்குள்ளேயே சுருங்கிய குழாயில் கட்டி உருவாகிறது. அந்தக் குழாயை நம்பியிருக்கும் பகுதி வேலையை நிறுத்துகிறது. உடம்பே அந்தக் கட்டியைக் கரைத்துவிட்டால், அல்லது அது உடைந்து நகர்ந்துவிட்டால், செல்கள் சாவதற்குள் ரத்தம் திரும்புகிறது. கை எழுகிறது, வாய் நேராகிறது. இதுதான் மினி ஸ்ட்ரோக். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘டி.ஐ.ஏ.’ என்று எழுதியிருப்பார்கள். கட்டி அங்கேயே நின்றுவிட்டால் முழுப் பக்கவாதம். பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் அழிகின்றன என்பது 2006-இல் வெளியான ஒரு கணக்கு.

இதிலிருந்து வரும் விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. கை விழுந்த ஐந்தாவது நிமிடத்தில், இது மினியா முழுதா என்று மருத்துவராலும் சொல்ல முடியாது. வித்தியாசம் முடிந்த பிறகுதான் தெரியும். எனவே “மினியா இருந்தா தானா சரியாகும், கொஞ்சம் பாப்போம்” என்று காத்திருப்பது, முழுப் பக்கவாதத்துக்கான சிகிச்சை நேரத்தைச் செலவழித்து நோயைக் கண்டுபிடிக்கும் முறை.

பழைய பாடப் புத்தகங்களில் 24 மணி நேரத்துக்குள் சரியானால் மினி ஸ்ட்ரோக் என்று இருக்கும். அந்த எல்லை வசதிக்காக வைத்தது. உண்மையில் பெரும்பாலானவை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பல, சில நிமிடங்களிலேயே. அமெரிக்க இதயச் சங்கம் 2009-இல் வரையறையை மாற்றியது: எவ்வளவு நேரம் நீடித்தது என்பதைப் பார்க்காமல், மூளைத் திசு செத்ததா இல்லையா என்று பார்க்கச் சொன்னது. மாற்றியதற்குக் காரணம் எம்.ஆர்.ஐ. முழுதாகச் சரியாகிவிட்டதாக நினைத்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு, டிஃப்யூஷன் வகைப் படத்தில் சிறியதாக ஒரு புதுப் புள்ளி தெரிகிறது. அவருக்கு வந்தது சின்னதாக ஒரு முழு ஸ்ட்ரோக்.

அவசரம் எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு போதும். உடனடிச் சிகிச்சை இல்லாத காலத்து ஆய்வுகளில், மினி ஸ்ட்ரோக் வந்தவர்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு 90 நாளுக்குள் முழுப் பக்கவாதம் வந்தது. அதில் ஏறத்தாழப் பாதி முதல் 2 நாளிலேயே. ஆக்ஸ்ஃபோர்டில் நடந்து 2007-இல் வெளியான எக்ஸ்பிரஸ் என்ற ஆய்வில், இப்படி வந்தவர்களை அன்றன்றே பார்த்து அன்றன்றே மருந்து தொடங்கினார்கள். 90 நாள் ஆபத்து 10.3 சதவீதத்திலிருந்து 2.1 சதவீதமாக இறங்கியது. புதிய மருந்து எதுவும் கொடுக்கவில்லை. அதே மாத்திரைகள்தான், முன்கூட்டியே கொடுத்தார்கள், அவ்வளவே. “திங்கக்கிழமை டாக்டர் வருவார், அன்னிக்குப் போகலாம்” என்பவர்களிடம் சொல்ல இதைவிட நல்ல பதில் இல்லை.

வீட்டில் பார்க்க வேண்டியது

“பல்லைக் காட்டுங்க” என்று சொல்லுங்கள். சிரிக்கச் சொன்னால் பயத்தில் சிரிப்பு வராது. பல்லைக் காட்டுவது எளிது. வாய் ஒரு பக்கம் இழுக்கிறதா, ஒரு கன்னம் தொங்குகிறதா என்று பாருங்கள். அடுத்து, இரண்டு கையையும் முன்னால் நீட்டி உள்ளங்கை மேலே பார்க்கும்படி வைத்து, கண்ணை மூடி 10 வினாடி அப்படியே இருக்கச் சொல்லுங்கள். ஒரு கை மெதுவாக இறங்கினாலோ, உள்ளங்கை தானாக உள்பக்கம் திரும்பினாலோ பலவீனம் இருக்கிறது. கைகுலுக்கிப் பிடியைச் சோதிப்பதைவிட இது நுட்பமானது. லேசான பலவீனத்தைப் பிடி காட்டிக்கொடுக்காது. பிறகு பேச்சு. ‘இன்னிக்கு வெயில் ரொம்ப அதிகம்’ மாதிரி ஒரு சாதாரண வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். நாக்குப் பிறழும் வாக்கியம் எதையும் கொடுக்காதீர்கள். அதில் நல்லவர்களே தடுக்கி விழுவார்கள். அப்புறம் சாவி, கடிகாரம், செருப்பு என்று மூன்று பொருளைக் காட்டிப் பெயர் கேளுங்கள். குழறாமல் பேசியும் பெயர் வராமல் திணறுவதும், சம்பந்தமில்லாத வார்த்தை சொல்வதும் பக்கவாத அறிகுறிதான். வீட்டில் இதைப் பெரும்பாலும் ‘குழப்பம்’ என்று தள்ளிவிடுகிறார்கள்.

இந்த மூன்றிலும் சிக்காதவை சில உண்டு. ஒரு கண்ணில் மட்டும் திரை இறங்கியதுபோல் பார்வை மறைந்து, சில நிமிடத்தில் திரும்புவது அதில் முக்கியமானது. வலியிருக்காது. கண் கண்ணாடிக் கடைக்கோ கண் மருத்துவரிடமோ போய் “கண் நல்லாயிருக்கு” என்று கேட்டுத் திரும்பிவிடுவார்கள். அந்தத் திரை பல நேரங்களில் கழுத்துத் தமனியில் படிந்த கொழுப்பிலிருந்து உதிர்ந்த துணுக்கின் வேலை. கனடா நரம்பியல் மருத்துவர் மில்லர் ஃபிஷர் 1950-களிலேயே கழுத்துக் குழாய்க்கும் இந்தத் தற்காலிகப் பார்வையிழப்புக்கும் உள்ள தொடர்பை எழுதிவைத்தார். இதேபோல் திடீரென இரண்டிரண்டாகத் தெரிவது, நிற்க முடியாமல் ஒரு பக்கம் சாய்வது, பார்வையின் வலது பாதியோ இடது பாதியோ காணாமல் போவது ஆகியவை மூளையின் பின்பகுதி அடைப்பைக் காட்டும்.

எது மினி ஸ்ட்ரோக்காக இருக்க வாய்ப்புக் குறைவு என்பதும் தெரிந்திருக்கட்டும். மூளைக்கு ரத்தம் நின்றால் ஏதோ ஒன்று இல்லாமல் போகும்: பலம், உணர்ச்சி, பேச்சு, பார்வை. அதுவும் திடுமென, தொடக்கத்திலேயே உச்சத்தில். விரலில் தொடங்கிய மதமதப்பு 10, 20 நிமிடத்தில் மெல்ல மெல்ல முழங்கை, கன்னம் என்று ஏறினால், கண்ணில் மின்னல் கோடுகள் ஓடினால், ஒற்றைத் தலைவலியின் முன்னறிவிப்பாக இருக்கலாம். வெறும் மயக்கம், வெறும் தலைசுற்றல் மட்டும் என்றால் காரணம் பெரும்பாலும் வேறு. வலிப்பு வந்து ஓய்ந்த பிறகும் ஒரு கை சில மணி நேரம் துவண்டிருக்கும். முக நரம்பு மட்டும் செயலிழக்கும் முகவாதம் என்றால் அந்தப் பக்கத்து நெற்றியும் சுருங்காது, கண்ணும் மூடாது. பக்கவாதத்தில் வாய் கோணினாலும் நெற்றிச் சுருக்கம் பெரும்பாலும் தப்பியிருக்கும். இவற்றை வைத்துக்கொண்டு வீட்டில் தீர்ப்பு எழுத வேண்டாம். மருத்துவரிடம் என்ன நடந்தது என்று துல்லியமாகச் சொல்ல இவை உதவும்.

சர்க்கரை நோயாளி என்றால் ஒன்று கூடுதல். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கும்போது சிலருக்கு ஒரு பக்கக் கையும் காலும் அப்படியே விழும், பேச்சு குழறும். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் ஆம்புலன்ஸை அழைத்த பிறகு ஒரு சொட்டு வைத்துப் பார்த்து, அளவை அவர்களிடம் சொல்லுங்கள். சர்க்கரைதான் காரணம் என்றால் நரம்பு வழியே குளுக்கோஸ் ஏறிய சில நிமிடங்களில் கை எழும்.

கடிகாரம்

மருத்துவமனையில் முதல் கேள்வி “எப்போ ஆரம்பிச்சது?” என்பது. அவர்களுக்கு வேண்டியது, கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரம். காலை 6 மணிக்கு எழுந்தபோது கை விழுந்திருந்தால் 6 மணி கணக்கில் வராது. இரவு 10 மணிக்குப் பேசிவிட்டுப் படுத்தார் என்றால் 10 மணிதான் கணக்கு. இரவு 2 மணிக்கு எழுந்து தானே நடந்து கழிவறைக்குப் போய்வந்ததை யாராவது பார்த்திருந்தால் 2 மணி. அந்த 4 மணி நேர வித்தியாசத்தில் சிகிச்சையே மாறலாம். தனியாக இருந்தவர் என்றால் அவருடைய ஃபோனை எடுத்துப் பாருங்கள். கடைசியாகப் பேசிய அழைப்பு, தவறில்லாமல் அனுப்பிய கடைசி வாட்ஸ்அப் செய்தி இரண்டிலும் நேரம் பதிவாகியிருக்கும்.

காலை 9 மணிக்கு வந்து 9.15-க்கு முழுதாகச் சரியாகி, மதியம் 1 மணிக்கு மறுபடி கை விழுந்தால் கடிகாரம் 1 மணியிலிருந்து புதிதாகத் தொடங்கும். ஆனால் நடுவில் முழுதாகச் சரியாகியிருக்க வேண்டும். ‘முக்கால்வாசி சரியாச்சு’ என்றால் 9 மணிதான்.

இந்த நேரத்தின் மதிப்பு என்னவென்றால், கட்டியைக் கரைக்கும் ஊசியான ஆல்டிபிளேஸையோ டெனெக்டிபிளேஸையோ பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். பெரிய குழாய் அடைப்பில் தொடை வழியாகவோ கை வழியாகவோ கம்பி செலுத்திக் கட்டியை இழுத்தெடுக்கும் சிகிச்சையை, மருத்துவர்கள் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் சிலருக்கு 24 மணி நேரம் வரையும் செய்கிறார்கள். முழுதாகச் சரியாகிவிட்ட மினி ஸ்ட்ரோக்குக்கு இரண்டுமே தேவையில்லை. ஆனால் மருத்துவமனைக்குள் இருக்கும்போது மறுபடி வந்தால் இரண்டுமே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அறிகுறி போய்விட்டாலும் சேர்த்து வைத்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கே போவது என்பதை முன்பே விசாரித்து வைப்பது நல்லது. கேட்க வேண்டியது இரண்டே: ராத்திரியிலும் சி.டி. எடுப்பீர்களா, ஸ்ட்ரோக் ஊசி போடுவீர்களா. இரண்டும் இல்லாத பக்கத்துக் கிளினிக்கில் குளுக்கோஸ் பாட்டில் ஏறிக்கொண்டிருக்கும்போதே 3 மணி நேரம் போய்விடுகிறது. சர்க்கரை குறையாதவருக்கு அந்தக் குளுக்கோஸும் கெடுதல்தான். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990, சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999. அழைக்கும்போதே “ஸ்ட்ரோக் மாதிரி இருக்கு, இத்தனை மணிக்கு ஆரம்பிச்சது” என்று சொல்லுங்கள்.

கொடுக்கக் கூடாதவை

தண்ணீர், காபி, மாத்திரை எதுவும் வாய்வழியே வேண்டாம். விழுங்கும் தசையும் சேர்ந்து பலவீனமாகியிருந்தால் அது நுரையீரலுக்குப் போய் நிமோனியாவாகும். பக்கவாத நோயாளிகளின் உயிரைப் பறிப்பதில் இந்த நிமோனியாவுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆஸ்பிரின் வேண்டாம். நெஞ்சுவலிக்கு ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்லிக் கேட்டுப் பழகியவர்கள் இங்கேயும் அதையே செய்துவிடுகிறார்கள். பக்கவாதங்களில் ஒரு பகுதி, குழாய் வெடித்து ரத்தம் கசிவதால் வருவது. வெளியிலிருந்து பார்த்தால் அடைப்பும் கசிவும் ஒன்றுபோலவே இருக்கும். சி.டி. எடுக்காமல் எது என்று தெரியாது, கசிவுக்கு ஆஸ்பிரின் எரிகிற நெருப்பில் எண்ணெய்.

பிரஷர் 190, 200 என்று காட்டினாலும் கூடுதல் பிரஷர் மாத்திரை கொடுக்காதீர்கள், நாக்குக்கு அடியில் வைக்காதீர்கள். அடைபட்ட இடத்துக்குச் சந்துபொந்து வழியே ரத்தம் தள்ளத்தான் உடம்பு அழுத்தத்தை ஏற்றியிருக்கிறது. சட்டென்று இறக்கினால் ஊசலாடிக்கொண்டிருக்கும் பகுதியும் செத்துவிடும். கட்டியைக் கரைக்கும் ஊசி போட வேண்டுமானால் 185/110-க்குக் கீழே கொண்டுவர வேண்டும், அதை மருத்துவமனையில் அளந்து அளந்து செய்வார்கள். விரல் நுனியில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பது வாட்ஸ்அப்பில் வருடாவருடம் சுற்றுகிறது. புறா ரத்தம் தடவுவது ஊர்ப்பக்கம் இன்னும் நடக்கிறது. இரண்டாலும் மூளைக் குழாயில் எதுவும் நகராது. மினி ஸ்ட்ரோக்குக்குச் செய்தால் எதுவும் செய்யாமலே சரியாகியிருக்கும், பெயர் மட்டும் புறாவுக்குப் போகும். இந்த வைத்தியங்கள் நீடித்திருப்பதே அதனால்தான்.

வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மருந்துச் சீட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். வார்ஃபரின், டாபிகாட்ரான், அபிக்ஸாபான் போன்ற ரத்தம் உறையாமைக்கான மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் கடைசி வேளை எப்போது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஊசி போடலாமா என்பது அதைப் பொறுத்தது.

“சி.டி. நார்மல்”

இந்த ஒரு வரியால் வீடு திரும்பியவர்கள் ஏராளம். தலைக்குச் சி.டி. எடுப்பதன் முதல் நோக்கம் ரத்தக் கசிவு இல்லை என்று உறுதி செய்வது. அடைப்பு வகைப் பக்கவாதத்தில் முதல் சில மணி நேரம் சி.டி. நார்மலாகவே இருக்கலாம், மினி ஸ்ட்ரோக்கில் கடைசிவரை நார்மல்தான். “நார்மல்” என்று வந்தால் “கசிவு இல்லை, இனி அடைப்பு எங்கிருந்து வந்தது என்று தேடலாம்” என்று படிக்க வேண்டும்.

தேட வேண்டிய இடங்கள் மூன்று. முதலாவது கழுத்துக் குழாய்கள். டாப்ளர் ஸ்கேனில் அறிகுறிக்குக் காரணமான குழாயில் 50 முதல் 99 சதவீதம் சுருக்கம் இருந்தால், குழாயைத் திறந்து கொழுப்பைச் சுரண்டி எடுக்கும் அறுவை சிகிச்சையை யோசிப்பார்கள். குறிப்பாக 70-க்கு மேல் இருந்தால் பலன் தெளிவு. அதை 2 வாரத்துக்குள் செய்ய வேண்டும். மூன்று மாதம் கழித்து ‘நல்ல நாள் பார்த்து’ செய்தால் ஆபத்துக் காலம் ஏற்கெனவே கடந்திருக்கும். குழாய் முழுதாக, 100 சதவீதம் அடைந்திருந்தால் இந்த அறுவை கிடையாது.

இரண்டாவது, மூளைக்குள் இருக்கும் குழாய்கள். இந்தியர்கள் உள்பட ஆசிய மக்களிடம் இந்த உள்குழாய்ச் சுருக்கம் மேற்கத்தியரைவிட அதிகம். கழுத்து டாப்ளர் மட்டும் எடுத்து “எல்லாம் கிளியர்” என்றால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது, தலைக்குள் இருக்கும் குழாய்களையும் காட்டும் சி.டி. ஆஞ்சியோவோ எம்.ஆர். ஆஞ்சியோவோ எடுத்தார்களா என்று கேளுங்கள். உள்குழாய்ச் சுருக்கத்துக்கு ஸ்டென்ட் வைப்பதைவிட மாத்திரைகளே மேல் என்று 2011-இல் வந்த ஆய்வு காட்டியது.

மூன்றாவது இதயம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கில்லாத துடிப்பு வந்து வந்து போகும். இ.சி.ஜி. பதிவது சில வினாடிகள்தான், அந்த நேரத்தில் துடிப்பு ஒழுங்காக இருந்தால் கண்ணில் படாது. அதனால்தான் உடம்பில் மாட்டிவிட்டு 24 மணி நேரம் துடிப்பைப் பதியும் ஹோல்டர் கருவி, தேவைப்பட்டால் அதற்கும் நீண்ட பதிவு. இது இருப்பது தெரிந்தால் சிகிச்சை அடியோடு மாறும். ஆஸ்பிரின் போதாது, ரத்தம் உறையாமைக்கான மருந்து வேண்டும். சிறுவயது வாதக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு நன்றாகச் சுருங்கியவர்களுக்கு இன்றும் வார்ஃபரின்தான், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு 2-க்கும் 3-க்கும் இடையில். வார்ஃபரின் சாப்பிடுகிறவர் கீரையை ஒதுக்கத் தேவையில்லை. வாரத்துக்கு வாரம் ஒரே அளவாக இருந்தால் போதும். ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் சுத்தமாக இல்லை என்பதுதான் ஐ.என்.ஆரைக் குலைக்கும்.

மாத்திரைகளில் நடக்கும் குளறுபடி

இதயக் காரணம் இல்லாத, ஆபத்து அதிகமுள்ள மினி ஸ்ட்ரோக்குக்கு ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சேர்த்து, பெரும்பாலும் 21 நாள் கொடுப்பார்கள். பிறகு ஒன்றை நிறுத்தி ஒன்றை மட்டும் தொடர வேண்டும். உள்குழாயில் கடுமையான சுருக்கம் இருந்தால் இரண்டும் 90 நாள் வரை போகலாம். இந்தக் கணக்குக்குக் காரணம் உண்டு: மறுபடி அடைக்கும் ஆபத்து முதல் வாரங்களில்தான் உச்சம். அதற்குப் பிறகு இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுவதால் வரும் ரத்தக்கசிவு ஆபத்து, கிடைக்கும் பலனை மிஞ்சிவிடும். நடைமுறையில் இரண்டு விதமாகவும் தவறுகிறார்கள். பழைய சீட்டை மெடிக்கலில் காட்டி இரண்டையும் வருடக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் ஒரு பக்கம், 21 நாள் கோர்ஸ் முடிந்ததென்று இரண்டையும் நிறுத்துகிறவர்கள் மறுபக்கம். டிஸ்சார்ஜ் ஆகும்போதே எது, எந்தத் தேதியில் நிற்கிறது என்று சீட்டில் எழுதி வாங்கிவிடுங்கள்.

குளோபிடோக்ரல் சாப்பிடும்போது வயிற்றுக்கு ஒமெப்ரசோல், எசோமெப்ரசோல் வேண்டாம், அவை அதன் வேலையைக் குறைக்கும், பான்டோபிரசோல் பரவாயில்லை. மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் ஐபுப்ரோஃபென் ஆஸ்பிரினுக்குக் குறுக்கே நிற்கும், வயிற்றிலும் ரத்தம் கசிய வைக்கும். பல் பிடுங்கப் போகிறவர் தானாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். பல் மருத்துவர் நிறுத்தச் சொன்னால், மாத்திரை எழுதிய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்ட பிறகு.

கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையைத்தான் அதிகம் பேர் முதலில் கைவிடுகிறார்கள், “கொழுப்பு நார்மலுக்கு வந்துடுச்சு” என்று. குழாயில் கொழுப்புப் படிந்தவர்களுக்கு எல்.டி.எல். எனும் கெட்ட கொழுப்பு 70-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது இலக்கு; லேப் தாளில் அச்சடித்திருக்கும் ‘நார்மல்’ எல்லை அவர்களுக்கானது இல்லை. பிரஷரும் அப்படியே. 130/80-க்குக் கீழே வந்திருக்கிறது என்றால் அது மாத்திரையின் வேலை, நிறுத்தினால் ஏறும். வீட்டில் அளக்கும்போது 5 நிமிடம் முதுகைச் சாய்த்து உட்கார்ந்த பிறகு, கையை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் வைத்து, பேசாமல், காபி குடித்த அரை மணி கழித்து, காலையிலும் மாலையிலும் இரண்டிரண்டு முறை அளந்து எழுதிவையுங்கள். பீடி, சிகரெட், வெற்றிலையோடு போடும் புகையிலை மூன்றும் ஒரே கணக்கு. உப்பு நாளுக்கு மொத்தம் 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டி; அப்பளம், ஊறுகாய், கருவாடு எல்லாம் சேர்த்து.

வண்டி ஓட்டுவது பற்றிக் கேட்காமலே பலர் மறுநாள் பைக்கை எடுத்துவிடுகிறார்கள். பிரிட்டனில் மினி ஸ்ட்ரோக்குக்குப் பிறகு 1 மாதம் காரோ பைக்கோ ஓட்டக் கூடாது என்பது விதி. நம் ஊரிலும் அந்த ஒரு மாதத்தைக் கடைப்பிடிப்பதில் நஷ்டமில்லை, லாரி, பஸ் ஓட்டுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் திரும்பவே கூடாது.

மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிடும்போதே மறுபடி வந்தால் கூடுதலாக ஒன்று விழுங்க வேண்டாம். அதே கடிகாரம், அதே ஆம்புலன்ஸ். ஒரே வாரத்தில் இரண்டு, மூன்று முறை, அதுவும் ஒவ்வொரு முறையும் அதே முகம், அதே கை, அதே கால் என்று வந்தால், ஒரு சிறிய குழாய் முழுதாக மூடிக்கொள்ளும் தறுவாயில் இருக்கலாம். அவரை வெளிநோயாளியாகப் பார்த்து அனுப்பிவிடுகிற இடமாக இருந்தால், படுக்கை கொடுத்துக் கண்காணிக்கும் இடத்துக்கு அன்றிரவே மாற்றிவிடுங்கள்.